டிரையர் ஃபேன் சென்சார், பராமரிப்புத் திட்ட மென்பொருள் குறித்து நான்காவது புகார்

அனுப்புநர்:
பராமரிப்புப் பொறுப்பாளர்,
தேயிலைத் தொழிற்சாலை,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் டிக்கெட் எண்தான் வந்தது, பதில் வரவில்லை. டிரையரின் சூடான காற்று ஃபேனில் தங்கள் ஆட்கள் மாட்டிய இரண்டு அதிர்வு சென்சார்கள், அவற்றோடு தந்த பராமரிப்புத் திட்ட மென்பொருள் ஆகியவை பற்றியது இக்கடிதம். சென்சார் அளவுகளின் சராசரியை வைத்து மெஷின் எவ்வளவு நலம் என்று மென்பொருள் தரும் மதிப்பெண்தான் ஹெல்த் ஸ்கோர். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் பழுது.

ஜூலை இரண்டாம் வாரம், இரவு இரண்டரை மணிக்கு ஃபேன் பக்கத்துப் பேரிங் (22212 கே மாடல்) இறுகி நின்றுவிட்டது. அந்த நேரத்தில் திரையில் ஸ்கோர் 91, பச்சை. அடுத்த பராமரிப்புக்கு 74 நாள் இருக்கிறதாம். டிரையர் நின்றதால் சி.டி.சி. (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும்) மெஷினில் அறுபட்டு, ஃபெர்மென்டிங்கில் (நொதிக்க வைக்கும் இடத்தில்) கிடந்த தூள் அத்தனையும் புளித்தது. வாட்டும் தொட்டியில் இருந்த கொழுந்து அளவுக்கு மீறி வாடியது. பச்சை இலை மட்டும் 9,000 கிலோ. நாலரை கிலோவுக்கு ஒரு கிலோ தூள் என்று பார்த்தாலும் 2,000 கிலோ தூள் போயிற்று. இலை போட்ட சிறு விவசாயிகள் மறுநாள் வேறு ஃபேக்டரிக்குப் போனார்கள். எல்லாம் சேர்த்தால் பத்து லட்சத்துக்குக் குறையாது. சீசன் முழுக்கக் கெட்டது என்றே சொல்வேன்.

ஸ்கோர் ஏன் 91 காட்டியது? பேட்டரி மிச்சம் பிடிக்க சென்சார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அளக்கிறது. எங்களுக்கு ஓட்டம் இரவு பத்து மணி முதல் காலை ஏழு வரை. நள்ளிரவிலும் காலை ஆறுக்கும் ஃபேன் ஓடும்போது அதிர்வு 4.8 மி.மீ./வினாடி. நண்பகலிலும் மாலை ஆறுக்கும் நின்ற ஃபேனை அளந்து 0.2. நான்கையும் கூட்டி வகுத்தால் 2.5, பச்சை. இந்த அளவு மோட்டாருக்கு, நெகிழ்வான அடித்தளத்தில் 4.5 தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றது மெஷின் அதிர்வுக்கான பழைய ஐ.எஸ்.ஓ. 10816 தரநிலை. நின்ற மெஷினின் அளவைச் சராசரியில் சேர்க்கக் கூடாது என்பதை ஒரு ஐ.டி.ஐ. பையனே சொல்வான்.

இன்னொன்றும் உண்டு. தேவாலா பக்கம் மழை பிடித்தால் சிக்னல் நாள் கணக்கில் வராது. அப்படி டேட்டா வராத மூன்று நாளும் தங்கள் மென்பொருள் கடைசியாக வந்த எண்ணையே பிடித்துக்கொண்டு பச்சை காட்டியிருக்கிறது. சென்சார் பேசவில்லை என்றால் "தெரியவில்லை" என்று காட்ட வேண்டும். "நலம்" என்று காட்டியது எந்தக் கணக்கில்?

தங்கள் கோழிக்கோட்டுச் சேவைக் கவுண்டரில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேட்வேயை (சென்சார் டேட்டாவை வாங்கி மென்பொருளுக்கு அனுப்பும் பெட்டியை) கழற்றி எடுத்து வரச் சொன்னது தங்கள் ஹெல்ப்லைன். நாடுகாணிச் சுரம் இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாக ஒரு நாள் முழுக்கச் செலவழித்து எங்கள் ஃபிட்டர் அங்கே போனார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஈ சீரியல் நம்பர் கோயம்புத்தூர் பிராஞ்சாணு" (இது கோவைக் கிளையுடையது) என்று மலையாளத்தில் சொல்லித் திருப்பி நீட்டினார் அங்கிருந்தவர். கோவைக்குப் போன் செய்தால், "சென்சார் பொய் சொல்லாது சார், உங்க ஆளுக்குக் கிரீஸ் வைக்கத் தெரியலை" என்று பதில். ஐயா, அந்த பேரிங்குக்கு வைக்க வேண்டிய கிரீஸ் 0.005 பெருக்கல் வெளிவிட்டம் 110 மி.மீ. பெருக்கல் அகலம் 28 மி.மீ., ஆக 15 கிராம். எடை போட்டு வைத்து, ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அந்த ஊழியர் ரெஜிஸ்டரை வந்து பார்க்கட்டும்.

ஜூனில் நடந்தது இதற்கு நேர் எதிர். சிவப்பு அலாரம், "48 மணி நேரத்தில் பேரிங் மாற்றவும்." மாற்றினோம், ஆறு மணி நேரம் ஓட்டம் நின்றது. கழற்றிய பேரிங்கில் ஒரு கீறல் இல்லை. ஃபேன் இறக்கையில் தேயிலைப் பஞ்சு ஒட்டி எடை ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. சுரண்டியதும் அதிர்வு இறங்கியது. மொத்த அதிர்வு ஒன்றை மட்டும் தரும் சென்சாருக்குப் பஞ்சும் பேரிங்கும் ஒன்றுதான். பேரிங் கெட ஆரம்பிப்பது 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தெரியும், தங்களுடையது அதற்குக் கீழேயே நின்றுவிடுகிறது. அதிலும் பெயின்ட் மேல் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது, அப்படி ஒட்டினால் வேகமான அதிர்வு சென்சாருக்குச் சரியாக வந்து சேராது. நல்ல பேரிங்கை வீணாக மாற்றுவதும் சும்மா போகாது. பேரிங்கைத் தண்டில் பிடிக்கும் ஸ்லீவ் நட்டை இறுக்கும்போது பேரிங்கின் உள் இடைவெளி 0.03 முதல் 0.04 மி.மீ. குறைய வேண்டும். அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குறைந்தால் புதுசு சூடேறிச் சாகும். ஜூலையில் இறுகியது ஜூனில் போட்ட அதே பேரிங்.

சென்சார் தவறும் என்பது எங்களுக்குத் தெரியும், அதைக் குறை சொல்லவில்லை. நூறு சோதனையில் இரண்டில்தான் உண்மையில் பழுது, சென்சார் பழுதைப் பத்துக்கு ஒன்பது முறை பிடிக்கும், நல்லதைப் பத்துக்கு ஒருமுறை பழுதென்று கத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் ஏறக்குறைய 12 அலாரத்தில் 10 பொய். அலாரம் வந்தால் முதல் வேலை கையில் மீட்டரோடு போய்ப் பார்ப்பது, மாற்றுவது அதற்குப் பிறகு. திட்டமிடும் மென்பொருளில் இந்தப் படி ஏன் இல்லை? ஃபிட்டர் பார்த்ததைப் பதிய ஒரு கட்டம்கூட இல்லை.

ஆகவே தயவுசெய்து, மோட்டார் கரன்ட்டைப் பார்த்து ஓடும்போது மட்டும் அளக்கும்படி செய்யுங்கள். காந்தத்தை விட்டு, பேரிங் ஹவுசிங்கில் (கூட்டில்) துளையிட்டு ஸ்டட் (திருகு) வைத்துச் சென்சாரை மாட்டுங்கள். டேட்டா வராவிட்டால் சாம்பல் நிறம் காட்டுங்கள். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பிடிக்கும், முடுக்க (ஆக்சிலரேஷன்) அளவு தரும் சென்சாருக்கு மாற்றித் தாருங்கள், முடியாவிட்டால் பணத்தைத் திருப்புங்கள். 15 நாள் பொறுப்போம். வணிகத்துக்கு வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையம் பொருந்தாது என்று கோவை ஊழியர் சட்டம் பேசினார். சிவில் கோர்ட் இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் தயாராகிறது. அந்த நிலைக்குப் போகாமல் முடித்துக் கொடுப்பீர்கள் என்று இன்னமும் நம்புகிறோம்.

இணைப்பு: ஜூன், ஜூலை அளவுப் பதிவுகள், கிரீஸ் ரெஜிஸ்டர் நகல், கழற்றிய இரு பேரிங்குகளின் படங்கள். பேரிங்குகள் இங்கேயே இருக்கின்றன, பார்க்க ஆள் அனுப்பவும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறுப்பாளர்