விசில் அடிக்காதீர்கள்: எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கிரில் கதவில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைப் படித்தேன். கிளி கத்துகிறதாம், கெட்ட வார்த்தை பேசுகிறதாம், 14 நாளுக்குள் ‘அடக்க வேண்டும் அல்லது அப்புறப்படுத்த வேண்டும்’. என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். கூண்டுக்குள் விரலை விட்ட பையனை எங்கள் கிளி மணி கொத்தியது. அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, கிளினிக் செலவையும் கொடுத்துவிட்டு வந்தேன். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தந்த உரிமத்தைச் செயலாளர் அண்ணன் கையிலேயே கொடுத்துக் காட்டினேன். அதோடு அது முடிந்தது என்று நினைத்தேன்.

அடக்கத்தானே சொல்கிறீர்கள்? மூன்று மாதமாக எனக்கு அதுதான் வேலை. அதற்கு உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மாலை ஆறே முக்கால் முதல் ஏழு மணி வரை, கிளிக்குப் பாடம் நடக்கும் அந்தக் கால் மணி நேரம், பந்துத் திடலுக்கு வருகிறவர்கள் எங்கள் வேலியோரம் நின்று விசில் அடிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். பெரிய விஷயம்தான்.

என் அம்மா இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இரண்டு வருடத்துக்கு முன் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பகலெல்லாம் அவருக்குத் துணை இந்தக் கிளிதான். கிளிக்கு முதல் பாடம் ‘ஏறு’. இறங்கு, இரு, கூண்டுக்குப் போ என்பதெல்லாம் அப்புறம். வயிற்றுக்குக் கீழே, காலுக்குச் சற்று மேலே விரலை நீட்டி, ஒரே சொல்லாக ‘ஏறு’ என்று சொல்ல வேண்டும். ஏறிய அந்த நொடியே ஒரு சூரியகாந்தி விதை. தாமதித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது. ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தாலும் சலித்துவிடும்.

ஏறுவதற்கு முன் கிளி அலகால் விரலைப் பிடித்துப் பார்க்கும். அது கடியில்லை. இந்தக் கிளை தாங்குமா என்று சோதிக்கிறது. அந்த நேரம் பயந்து கையை இழுத்துவிட்டால், அலகை வைத்தால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். அம்மாவின் இடது கைக்கும் இப்போது நடுக்கம் உண்டு. நாற்காலிக் கைப்பிடியில் ஒரு தலையணையை மடித்து வைத்து, முழங்கையை அதில் ஊன்றச் சொன்னேன். பத்தொன்பதாவது நாள் மணி ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு இரண்டு காலும் அம்மா விரலில். அம்மா மூச்சுக்கூட விடவில்லை. விதையை எடுக்க நான் டப்பாவுக்குள் கைவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ‘வீய்ய்ய்’ என்று ஒரு விசில், கூடவே நாலு பேர் சிரிப்பு. மணி பதறி இறக்கையை அடித்தது. பிடிமானத்துக்கு அம்மா விரலைக் கவ்வியது, ரத்தம் வந்துவிட்டது.

மணிக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துவிடுவேன். அம்மா இப்போது கையை நீட்டவே யோசிக்கிறார்.

கத்துவதற்கும் வருகிறேன். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கிளி குரல் கொடுப்பது அதன் இயல்பு. கூட்டம் எங்கே என்று தேடுகிறது. அதை முழுக்க நிறுத்த யாராலும் முடியாது. மெதுவாகக் குரல் கொடுக்கும்போது பதில் சொல்லி, அலறும்போது கண்டுகொள்ளாமல் விட்டால் குறையும். அதைத்தான் நான் வீட்டுக்குள் செய்கிறேன். வெளியில் அது அலறும் போதெல்லாம் விசிலும் கைதட்டலும் கிடைக்கின்றன. பத்து தடவை கத்தி ஒரு தடவை கிடைத்தாலும் போதும், பதினோராவது தடவையும் கத்தும். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

‘கிளிக்கு என்ன தெரியும், சொன்னதைத் திருப்பிச் சொல்லும்’ என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977இல் கடையில் வாங்கி வளர்த்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, நிறம் சொன்னது, வடிவம் சொன்னது, ஆறு வரை எண்ணியது. 2007இல் இறக்கும்வரை படித்துக்கொண்டே இருந்தது. மணி அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. ஆனால் யார் சொல்லிக்கொடுத்தாலும் படிக்கிறான், அதுதான் தொல்லை. நோட்டீஸில் நீங்கள் குறிப்பிட்ட அந்த வார்த்தை எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. சனிக்கிழமை இரவுகளில் உங்கள் மண்டபத்துக் கராவோக்கே முடிந்து மோட்டார் சைக்கிள் எடுக்கும் இடத்தில் புழங்குகிறது. மணி அதைச் சொல்லும் குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். செயற்குழுவில் ஒருவரை உங்களுக்கு ஞாபகம் வரலாம்.

கராவோக்கே பன்னிரண்டு மணி வரை போகிறது, அதற்கு நோட்டீஸ் இல்லை. எங்கள் லோரோங்கில், அதாவது சந்தில், கால்வாய் தீபாவளியிலிருந்து அடைத்துக் கிடக்கிறது, கடைசி விளக்குக் கம்பம் எரிவதில்லை. அதற்கெல்லாம் மூன்று கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. கிளிக்கு மட்டும் ஒரே வாரத்தில் நோட்டீஸ் வந்துவிட்டது. தோட்டத்தை விற்று எங்களை இங்கே கொண்டுவந்து விட்டபோது, லயத்தில் இருந்ததைவிட நிம்மதியாக இருப்பீர்கள் என்றார்கள். சரி, அது வேறு கதை. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கூண்டை வேலிப் பக்கமிருந்து எடுத்துப் பின்வாசலுக்கு மாற்றிவிட்டேன். ‘விரலை விடாதீர்கள்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி மாட்டியிருக்கிறேன். இருட்டியதும் துணி போட்டு மூடுகிறேன். என் பங்குக்கு இவ்வளவு. உங்கள் பங்குக்கு அந்தக் கால் மணி நேரத்தைத் தயவுசெய்து கொடுங்கள். ஆறே முக்காலிலிருந்து ஏழு வரை விசில் வேண்டாம். 14 நாளை மூன்று மாதமாக்கித் தாருங்கள் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் செயற்குழுவிலிருந்து ஒருவர் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள். தேநீர் உண்டு. சத்தம் மட்டும் போடக் கூடாது.

அடுத்த நோட்டீஸைத் தபால் பெட்டியில் போடுங்கள். செலோடேப்பை உரித்தால் கதவுச் சாயமும் கூடவே வருகிறது.

இப்படிக்கு,
கடைசி லோரோங், மூலை வீட்டுக்காரன்