குழந்தைகளுக்குத் தனிச் சாப்பாடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் காய்கறி சாப்பிட மறுப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கீரையை அரைத்துச் சப்பாத்தி மாவில் ஒளிப்பது, காரட்டைப் பூ மாதிரி வெட்டுவது என்று நிறைய யோசனைகள். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் தேவகோட்டைப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. ஒளித்துக் கொடுத்தால் கீரை வயிற்றுக்குள் போகும், நாக்குக்குப் பழகாது.

இனிப்பு குழந்தைக்குப் பிறவியிலேயே பிடிக்கும். கசப்பு பழகித்தான் பிடிக்கும். இரண்டு வயதை ஒட்டி, அதுவரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்ட குழந்தைகூடப் புதுப் பண்டத்தைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும். அது அடம் இல்லை, அந்த வயதின் இயல்பு. ஒரே காயை 8, 10 தடவை, சில குழந்தைகளுக்கு 15 தடவைகூடக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கின்றன ஆய்வுகள். நம் வீடுகளில் இரண்டு தடவை துப்பியதுமே "இவனுக்குப் பீர்க்கங்காய் ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

என் மையத்தில் ஒரு பையன் இருந்தான். முருங்கைக்கீரை சாதம் போட்டால் இலை இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவான். நாங்கள் திட்டவில்லை, திணிக்கவும் இல்லை. கீரை ஆயும்போது அவனையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வோம். காம்பிலிருந்து இலையை உருவுவதில் அவனுக்கு ஒரே குஷி. பக்கத்துத் தட்டுச் சிறுமி அதே கீரையைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான். நாளாக ஆக அந்த வரிசை குட்டையானது. அப்புறம் வரிசையே இல்லை.

"கீரை சாப்பிட்டால் சாக்லேட்" என்று பேரம் பேசுவது இதற்கு நேர் எதிர். கீரை கஷ்டமான வேலை, சாக்லேட்தான் கூலி என்று பிள்ளை புரிந்துகொள்ளும். கைபேசியைக் காட்டி ஊட்டினாலோ, வாய்க்குள் போனது என்னவென்றே அதற்குத் தெரியாது.

"சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று பதறும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் 9 கிலோ வரை வரும். அடுத்த முழு வருடத்தில் ஏறுவது 2 கிலோ சொச்சம்தான். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறையத்தானே செய்யும்? என்ன சமைப்பது, எப்போது போடுவது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். நடுவில் பிஸ்கட்டும் பாலுமாக வயிற்றை நிரப்பாமல் இருந்தாலே சாப்பாட்டு நேரத்துக்குப் பசி வரும்.

உண்மையில் குழந்தையின் நாக்கு ருசிக்குப் பழகுவது தாயின் சாப்பாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. தாய் பூண்டு சாப்பிட்டால் பாலின் வாசம் மாறுகிறது, குழந்தையும் கூடுதல் நேரம் குடிக்கிறது என்று 1991-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கும் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு அந்த ஆய்வைப் படித்துக் காட்ட வேண்டும்போல இருக்கிறது.

இவ்வளவும் எழுதக் காரணம் எங்கள் பக்கத்துக் கல்யாணங்கள்தான். செட்டிநாட்டுப் பந்தியில் அப்பத்தாவுக்கும் ஆயாவுக்கும் நடுவில் குழந்தைக்கும் ஓர் இலை விழும். கூட்டில் ஒரு துண்டை எடுத்து மசித்து, பருப்போடு பிசைந்து வாயில் வைப்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் வாழைப்பூவும் சுண்டைக்காயும் பழகினார்கள். இப்போது மண்டபங்களில் குழந்தைகளுக்கென்று நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல் என்று தனி மேசை போட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் சாப்பாடு உனக்கில்லை என்று நாமே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு இது மனத்தாங்கலாக இருக்கிறது.

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மிளகுக் கோழிதான் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. காரமே இல்லாத மசியலும், கும்மாயம் என்ற இனிப்பும் இங்கே உண்டு. உங்கள் இதழில் காரைக்குடிப் பக்கத்துச் சமையல்காரர்களைப் பேட்டி கண்டு, சிறு பிள்ளைகள் பெரியவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிடத் தோதான பதார்த்தங்களைச் செய்முறையோடு வெளியிட வேண்டுகிறேன். ஆவணிக் கல்யாணங்களுக்குச் சமையல் பேசும் முன்பே வந்தால், தனி மேசையை நிறுத்தச் சில வீடுகளாவது யோசிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை