நாய், பூனைக்கு வைட்டமின் சி தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வந்தால் நாய்க்கும் பூனைக்கும் வைட்டமின் சி மாத்திரை கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நலமாக இருக்கும் பிராணிக்குத் தேவையே இல்லை. நமக்கும் கினிப்பன்றிக்கும் இல்லாத ஒரு நொதி அவற்றின் கல்லீரலில் வேலை செய்கிறது. குளுக்கோஸிலிருந்து அந்தச் சத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு. ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்குவதால், கால்சியம் ஆக்சலேட் கல் வந்த பிராணிக்கு அறவே ஆகாது.

சப்பிச் சாப்பிடும் மாத்திரை இன்னும் மோசம். சர்க்கரை சேர்க்காத சில வகைகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உண்டு. நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்பு வரலாம். தனக்கு நஞ்சான பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிய பூனைக்கு மருத்துவர்கள் வைட்டமின் சியைத் துணை மருந்தாகத் தருவதுண்டு. முதன்மை மருந்து அசிட்டைல்சிஸ்டைன்தான். வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

- ஒரு கால்நடை மருத்துவர்