கடைசி நாட்களில் எந்தப் பிள்ளையும் ஓரத்தில் உட்கார வேண்டாம்

அரசு தொடக்கப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாயாக இதை எழுதுகிறேன். ஆண்டு முடிவில் விடைத்தாள், பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் என்று உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதனால்தான் பிள்ளைகள் வாயில் விரல் வைத்தபடி நேரத்தைக் கழிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கோ ஆண்டின் இந்த இறுதி நாட்கள்தான் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கடைசி நாட்கள். ஜூனில் ஆறாம் வகுப்புக்கு ஆளுக்கொரு பள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் தினமும் ஒரு மணி நேரமாவது அவர்களை விளையாட விடுங்கள்.

ஆனால், தோற்றவரை வெளியேற்றும் ஆட்டம் வேண்டாம். இசை நாற்காலியில் முதலில் வெளியேறும் பிள்ளைதான் மிக அதிக நேரம் வேடிக்கை பார்க்கிறது. பெரும்பாலும் அது கூச்சமுள்ள பிள்ளையாகவே இருக்கும். நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டு, மிஞ்சியவற்றில் எல்லோரும் நெருக்கி உட்கார வேண்டும் என்று விதியை மாற்றுங்கள். சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

ஏப்ரல் வெயிலுக்கு வகுப்பறையிலேயே ஆட ஏற்றது பூச்சொல்லி. இரண்டு அணியாகப் பிரிந்ததும், அணித்தலைவர் தன் அணியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரகசியமாக ஒரு பூவின் பெயரை வைப்பார். பிறகு எதிரணிப் பிள்ளை ஒருவரின் கண்களைப் பொத்திக்கொண்டு, "மல்லிகைப்பூவே, மெல்ல வந்து கிள்ளிப் போ" என்று தன் அணியிலிருந்து ஒருவரை அழைப்பார். கிள்ளியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இதில் பெரிய ஆள். ஓசைப்படாமல் வந்து போகத் தெரிந்தவருக்குத்தானே இங்கே மதிப்பு! குலை குலையாய் முந்திரிக்காயும் அப்படித்தான், வட்டத்தில் எல்லோருக்கும் இடமுண்டு.

அணி பிரிப்பதைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். விட்டால் தெருவாரியாகப் பிரிவார்கள். எங்கள் ஊர்களில் தெரு என்றால் சாதி என்பது உங்களுக்குத் தெரியும். கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளையின் முகத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாயம் தடவிய புளியங்கொட்டைகளை ஒரு பையில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரே நிறம் எடுத்தவர்கள் ஓர் அணி. ஆண், பெண் என்று பிரிக்கவும் வேண்டாம்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் ஒன்று. பெயர்ச் சீட்டைக் குலுக்கி எடுத்து, அந்த நண்பர் செய்த நல்ல காரியம் ஒன்றைப் பெயர் சொல்லாமல் எழுத வேண்டும். நீங்கள் வாசிக்க, யாரென்று வகுப்பே கண்டுபிடிக்கட்டும். நிறமோ பட்டப்பெயரோ நுழைந்துவிடாதபடி சீட்டுகளை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். யாருக்கும் மனம் நோகக் கூடாது.

பாட்டும் ஆட்டமும் தெரிந்த பாட்டிமார் ஊர்தோறும் இருக்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மேலாண்மைக் குழுவுக்குச் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் பதிவேடு எழுதும் நேரத்தில் வகுப்பறையில் உடனிருந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ள நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
ஒரு தாய்