லொபோட்டனில் உப்பில்லாக் கருவாடு

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறோம். உப்புப் போடாமல் மீன் எப்படிக் காயும், புழு வைக்காதா என்று கேட்டிருந்தீர்கள். நோர்வேக்கு வரும்போது லொபோட்டன் தீவுகளுக்கு ஒருநாள் போனால் நீங்களே பார்க்கலாம். கரையோரத் தொழில் தெரிந்த உங்களுக்கு ஒஸ்லோவை விட அதுதான் பிடிக்கும்.

பாரன்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன் முட்டையிட ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை அந்தக் கரைகளுக்கு வரும். கரைக்கு வந்த மீனைத் தாமதிக்காமல் தலை வெட்டி, குடல் எடுத்து, கழுவுவார்கள். பிறகு ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு மீன்களை வாலோடு வால் கயிற்றால் பிணைத்து, மரக்கம்புப் பந்தலில் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். மீனோடு மீன் முட்டக்கூடாது. முட்டிய இடத்தில் காற்றுப் போகாது, ஈரம் நின்று அந்த இடம் பழுதாகும். பறவைகள் கொத்தாமல் சில பந்தல்களுக்கு வலை போட்டிருக்கும்.

உப்பின் வேலையை அங்கே குளிர் செய்கிறது. வடதுருவ வட்டத்துக்கு மேலே இருந்தாலும், வெப்ப நீரோட்டம் வருவதால் பெப்ரவரி, மார்ச்சில் குளிர் பெரும்பாலும் பூச்சியம் பாகையை ஒட்டியே நிற்கும். அந்தக் குளிரில் இலையான் இல்லை, மீன் அழுகாது, கடற்காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உறைபனி கடுமையானால் தசைக்குள் இருக்கும் நீர் உறைந்து நாரைக் கிழித்துவிடும். அந்த மீனை ஊறப்போட்டால் இறுக்கம் இராது. சூடு முந்தி வந்தால் இலையான் மொய்க்கும், மழை விடாமல் பெய்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே எல்லாக் கரையிலும் இது சரிவராது.

மே, ஜூனில் இறக்கி, காற்றோட்டமான களஞ்சியத்தில் இன்னும் இரண்டு மூன்று மாதம் வைப்பார்கள். அதற்குள் நிறையில் ஐந்தில் நாலு பங்கு போய்விடும், மீன் விறகு மாதிரி இருக்கும். தரம் பிரிப்பவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, நீளம் பார்த்து, வயிற்றுப் பக்கம் மணந்து, இருபது தரம் வரையில் பிரிப்பார். முதல்தரம் இத்தாலிக்குப் போகும். தலைகளும் தனியே காய்ந்து நைஜீரியாவுக்குப் போகும். ஈரலில் மீனெண்ணெய் எடுப்பார்கள். நாக்கை வெட்டி விற்பது ஊர்ப் பிள்ளைகளின் வருமானம்.

பார்க்க வேண்டிய ஊரின் பெயர் ‘ஓ’ (Å). ஈ10 என்ற நெடுந்தெரு அங்கேயே முடிகிறது. பழைய மீனெண்ணெய் ஆலை, 1844ஆம் ஆண்டு வெதுப்பகம், வள்ளக் கொட்டில் எல்லாம் அருங்காட்சியகமாக நிற்கின்றன. கரையில் தூண் மேல் நிற்கும் சிவப்பு மரவீடுகள் வெளியூர்த் தொழிலாளர் பருவத்துக்கு வந்து தங்கிய வாடிகள். முதல் வாடிகளை 1120 அளவில் நோர்வே அரசர் எய்ஸ்டைன், லொபோட்டனிலேயே இருக்கும் கபெல்வோக் ஊர்ப் பக்கம் கட்டுவித்தார் என்பார்கள். முந்தி வாடி, கடை, மீன் வாங்கும் உரிமை எல்லாமே ஊர்ச் சம்மாட்டி ஒருவர் கையில்தான். கடன்பட்ட தொழிலாளி அவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பயண முகவர்கள் ஜூலைக்குத்தான் அழைப்பார்கள். ஜூலை நடுப்பகுதி வரை நடுச்சாமத்திலும் வெயில் எறிக்கும், உண்மைதான், ஆனால் பந்தல் வெறுங்கம்பாக இருக்கும். மார்ச் கடைசியில் வாருங்கள். பந்தல் நிறைந்திருக்கும், வள்ளங்கள் மீன் இறக்கும், பகலும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். பெருநிலத்தில் இருக்கும் புடோ நகரிலிருந்து லொபோட்டனின் மொஸ்கெனெஸ் துறைக்குக் கப்பல் மூன்று நாலு மணித்தியாலம். அங்கிருந்து ‘ஓ’ ஊர் ஐந்து கிலோமீற்றர்தான். காற்றுக் கடுமையானால் கப்பல் ஓடாது, எனவே ஒருநாள் மேலதிகமாக வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் அருங்காட்சியகம் திறக்கும் நேரம் குறைவு, முதலே கேட்டுவைப்போம். சப்பாத்துக்குக் கீழே மாட்டும் ஆணித்தட்டு கட்டாயம். பெரியம்மாவின் முழங்காலுக்கு அது இல்லாமல் அந்தப் பனித்தரையில் நடக்கவே கூடாது.

கருவாடு வாங்கினால் முழு மீன் வேண்டாம், துண்டாக வாங்குவோம். ஐந்து முதல் ஏழு நாள் குளிர்நீரில், தினமும் நீர் மாற்றி ஊறவைத்தால்தான் கறிக்கு ஆகும். ஊறும் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வெளியே வைத்தால் நாறிவிடும். உப்பு இல்லாததால் கறியில் நீங்கள் போடும் உப்பை அப்படியே போடலாம்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்