டேங்கை இறக்கிய அன்று துணை நின்ற எங்கள் தெருவுக்கு

தெருக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை நடந்ததை நீங்களே பார்த்தீர்கள், பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு. அதனால் கதைக்குள் போகவில்லை. அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரிலிருந்து, ஒழுகிக்கொண்டிருந்த பெட்ரோல் டேங்க் பத்திரமாக இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் இன்னும் முழுசாக நிற்கவில்லை.

1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான கார் இது. டேங்க் அடியில் தொங்காது, டிக்கிக்குள் இடப்பக்கம் இருக்கும். கீழே படுத்து வேலை செய்ய வேண்டாம், வசதிதான். ஆனால் ஒழுகினால் வாடை மொத்தமும் வண்டிக்குள். பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோலைக் கைப்பம்பால் இரும்பு கேனுக்கு மாற்றி, குழாயையும் போல்ட்டுகளையும் விடுவித்தால் டேங்க் கையோடு வந்துவிடும் என்பார்கள். அதைத் துருப்பிடித்த போல்ட்டிடம் சொல்லிப் பாருங்கள்.

நான் எழுத வந்தது இஸ்திரி அண்ணனைப் பற்றி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடும். நம் தெருவில் பள்ளம் வேப்பமரத்தடி, அங்கேதான் அவர் தள்ளுவண்டி. பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. மெக்கானிக் பாய் பம்பைக் கையில் எடுக்கும் முன்னால், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பினார். நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் கரி முழுவதையும் வாளித் தண்ணீரில் கொட்டி அணைத்திருந்தார். மறுநாள் முகூர்த்தம், வண்டியில் மூட்டை மூட்டையாகத் துணி. அதை அப்படியே விட்டுவிட்டுத் தெருமுனையில் போய் நின்று, சிகரெட்டோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

டேங்க் காலிதானே, இனி கரி போடலாமே என்று யாரோ சொன்னதற்கும் அவர் அசையவில்லை. "அது தெருவை விட்டுப் போகட்டும்." காலி டேங்குதான் மோசம் என்று பாயும் சொன்னார். உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறி போதும்.

அன்றைய கூலிக்குப் பணம் நீட்டினேன். கரிக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். "பெட்ரோல் வாடையோட துணி குடுத்தா வீட்டம்மாங்க என்னையத்தானே திட்டுவாங்க" என்று சிரிப்பு வேறு. பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கள் செலவையும் பொறுமையையும் பற்றித்தான் பெருமை பேசுவோம். அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பாய்க்கும் அவருடைய தம்பிக்கும், மணல் வாளி தூக்கி வந்த செக்யூரிட்டிக்கும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு வார்த்தை திட்டாத முதல் மாடி மாமிக்கும், கார்க் வாஷர் தேடிக் கொடுத்த புதுப்பேட்டை கடைக்காரருக்கும், வெந்நீரில் பலமுறை அலசாமல் டேங்க் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுவர மாட்டேன் என்று அடம் பிடிக்கும், டேங்கின் ஒழுகலைப் பற்றவைத்து அடைக்கப்போகும் ரேடியேட்டர் கடைக்காரருக்கும் நன்றி. டேங்க் திரும்பி வந்ததும் ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதுசு, இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. இனி பெட்ரோல் வேலை எதுவும் தெருவில் கிடையாது, பட்டறையில்தான்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கசங்கிய சட்டையோடு கல்யாணத்துக்குப் போனவர்கள் அண்ணனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.