2025–26 ஆண்டறிக்கை: தணிக்கை முடிவுகளைத் தேடும் கருவியும் அதற்கான கையேடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனக்குத் தந்த நேரத்தை இந்த ஆண்டின் பெரிய வேலைக்கே எடுத்துக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் இணையதளங்களின் அணுகல்தன்மையை நாம் தணிக்கை செய்து சேர்த்த முடிவுகளைத் தேட ஒரு கருவி இருக்கிறது அல்லவா, அதற்குத் தமிழில் ஒரு கையேடு எழுதி முடித்திருக்கிறோம்.

இந்த வேலை ஏன் அவசரமானது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் கேஒய்சி சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? தீர்ப்பு வந்தபின் மனு எழுத உதவி கேட்டு நம்மிடம் வருபவர்கள் கூடினார்கள். மனு என்றால் எந்தப் பக்கம், என்ன குறை, எந்த விதி, என்றைக்குச் சோதித்தது என்று எழுத வேண்டும். எல்லாம் நம் கருவியில் இருந்தது. ஆனால் அதை உருவாக்கியவர்களைத் தவிர யாருக்கும் எடுக்கத் தெரியவில்லை.

கையேட்டைக் காதால் கேட்பவருக்காகவே எழுதினோம். ‘வலப்பக்கம் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்’ போன்ற ஒரு வரிகூட அதில் கிடையாது. நிறத்தையும் இடத்தையும் மட்டும் நம்பி வழி சொல்லக் கூடாது என்பது இணையதள அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலகளாவிய நெறிமுறையின் 1.3.3ஆவது விதி. விதியைச் சோதிக்கும் கருவியின் கையேடே அதை மீறினால் நம் பேச்சை யார் கேட்பார்கள்? ஒவ்வொரு பொத்தானையும் அதன் பெயரால்தான் குறிப்பிட்டிருக்கிறோம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துபவர் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். தேடி முடித்ததும் எத்தனை முடிவுகள் என்பதைத் திரைவாசிப்பான் தானே சொல்லும்படி கருவியையும் திருத்தினோம்.

அந்த நெறிமுறையின், 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் 86 விதிகள் உள்ளன. அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்ல முடியாது. அதனால் நம் உறுப்பினர்கள் பேசும் சொற்களையே தேடு சொற்களாக்கினோம். ‘படத்துக்கு விளக்கம் இல்லை’ என்றால் 1.1.1, ‘எழுத்து மங்கல்’ என்றால் 1.4.3, ‘மவுஸ் இல்லாமல் முடியவில்லை’ என்றால் 2.1.1. எழுத்து மங்கல் என்று வெறுமனே எழுதினால் தட்டிக்கழிப்பார்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும், இங்கே இவ்வளவுதான் இருக்கிறது என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

கையேட்டில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, முடிவு எதுவும் வராதபோது என்ன பொருள் என்று விளக்கும் பக்கம். ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறோம், ஒன்றும் வரவில்லை. தளம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நாம் அதைச் சோதிக்காமலே இருந்திருக்கலாம். அல்லது ஆக்ஸ், வேவ் போன்ற தானியங்கிக் கருவி மட்டும் பார்த்திருக்கலாம். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று அந்தக் கருவிக்குத் தெரியும், அந்த உரை படத்தில் இருப்பதைத்தான் சொல்கிறதா என்று தெரியாது. தேர்வுத் தேதி அச்சிட்ட படத்துக்கு ‘அறிவிப்பு’ என்று மட்டும் மாற்று உரை கொடுத்திருந்தாலும் தேர்ச்சி போட்டுவிடும். தேதி தெரியாமல் நிற்பவர் நம் பிள்ளை. ஆகவே ‘கருவி பார்த்தது’, ‘ஆள் பார்த்தது’, ‘இன்னும் பார்க்கவில்லை’ என்ற மூன்று குறிப்புகளில் பொருந்துவதை ஒவ்வொரு பதிவிலும் சேர்த்தோம். இதற்காகச் செயற்குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பதிவு செய்வோருக்கு வேலை கூடும் என்பது உண்மைதான். இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

அப்புறம், தமிழில் தேடும் சிக்கல். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று போல இருக்கும், தேடினால் கிடைக்காது. கருவி இப்போது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. ‘படிவம்’ என்று தேடினால் ‘படிவத்தில்’ வராது என்பதால் ‘படிவ’ என்று மட்டும் தட்டச் சொல்லியிருக்கிறோம். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் அமையாத பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கோப்புகளைத் திரைவாசிப்பான் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். நம் ஊரில் அடிக்கடி வரும் குறை இதுதான் என்பதால் அதற்குத் தனி வடிகட்டியே வைத்தோம்.

கணினி வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. கையேட்டை வரிவரியாகக் கேட்டு, புரியாத இடங்களைச் சொன்ன பார்வை மாற்றுத்திறனாளி உறுப்பினர்களுக்கும், ஊதியம் வாங்காமல் நிரல் எழுதிய இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். தளங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய பதிவுகளை மறுசோதனை செய்யத் தன்னார்வலர்கள் பெயர் கொடுக்க வேண்டும். கருவியில் மாற்றம் செய்பவர், அன்றே கையேட்டிலும் அந்தப் பகுதியை மாற்றி எழுத வேண்டும் என்று இந்தப் பேரவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்